முட்டு நோட்டில் நான் அடித்த வரி

1. நெகடிவ் வால்யூம்

அந்த எரர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பதினோரு மணி இருக்கும். கீழ்க்கடையில் அப்போதுதான் இரண்டாவது டிக்காஷன் இறக்கியிருந்தார்கள். திரையில் சிவப்பாக ஒரே ஒரு வரி: நெகடிவ் வால்யூம். அதோடு கணக்கு நின்றுவிட்டது.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது பழகிய முகம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காற்றையோ தண்ணீரையோ கம்ப்யூட்டரில் கணக்குப் போடும்போது அந்த இடத்தை லட்சக்கணக்கான சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டிக்கொள்வோம். அதற்கு மெஷ் என்று பெயர். நடுவில் துணியோ ரப்பரோ அசைந்தால், சுற்றியிருக்கும் பெட்டிகளும் நசுங்கி, நீண்டு, கூடவே நகர வேண்டும். அளவுக்கு மேல் நசுங்கினால் ஒரு பெட்டி உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டுவிடும். அதன் கன அளவு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். அப்படி ஒரு பெட்டி உலகத்தில் கிடையாது என்பதால் கணக்குப் போடும் புரோகிராம், சால்வர் என்போம், கையை விரித்துவிட்டு நின்றுவிடும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. எரர் வந்தால் என்ன செய்வது? கேட்கிற வேகத்தைப் பார்த்தால், எரர் என்பது ஏதோ செருப்பில் ஒட்டிய சாணி, வழித்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டலாம் என்ற நினைப்பு. எனக்குக் கோபம் வரும். ஆனால் கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் மல்லிகா. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். இருபத்தாறு வருடமாக இதே தொழில். ஆபீஸ் சென்னையில். அப்பாவுக்கு முடியாமல் போனபோது, ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே வேலை செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு காபிக் கடைக்கு மேலே மாடி அறை. அந்தப் பக்கம் அறை எடுத்துத் தங்கினாலே ஞானம் தேடி வந்தவள் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எதிர் அறையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, கணக்கில் மிச்சமிருக்கும் பிழையைக் காட்டும் ரெசிடுவல் கோடு திரையில் இறங்குவதையே நான் மணிக்கணக்கில் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு, என்ன சாதனை செய்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். கன்வெர்ஜென்ஸ் என்றேன், கணக்கு ஒரு பதிலில் வந்து நிலைப்பதற்கு எங்கள் பெயர். ரொம்ப நல்லது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்த அறையில்தான் அந்த எரர் வந்தது. அது ஏழுமலையின் கூரை.

2. ஏழுமலை

ஏழுமலை கீழ்பென்னாத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். டிராக்டர் டிரெய்லர் செய்துகொண்டிருந்தார். பிறகு பெங்களூரில் நான்கு வருடம், துணிக் கூரை போடும் கம்பெனி ஒன்றில் ஏறி இறங்கி வேலை கற்றுக்கொண்டு வந்து, சொந்தமாக ஆரம்பித்தார். கம்பங்களை நட்டு, பி.வி.சி. பூசிய துணியைக் கேபிள் போட்டு இழுத்துக் கட்டுவார்களே, பெட்ரோல் பங்க்கிலும் பள்ளிக்கூட சைக்கிள் ஸ்டாண்டிலும் பார்த்திருப்பீர்கள், அந்தக் கூரை. எனக்கு அவர் பத்து வயது இளையவர். முதல் நாள் மேடம் மேடம் என்றவர், நானும் கீழ்பென்னாத்தூர் என்று தெரிந்ததும் அக்கா என்று மாறிவிட்டார்.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானம் போடும் ஒரு சமிதி இருந்தது. சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்கு வெயில் படாமல் பெரிய துணிக் கூரை வேண்டும் என்று ஏழுமலையிடம் வேலையைக் கொடுத்தார்கள். ஆனால் எவ்வளவு காற்றுக்குத் தாங்கும் என்று ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அதற்காக அவர் எங்கள் ஆபீஸைத் தேடிப் பிடிக்க, என் மேலதிகாரி சந்தானம் சார், உங்க ஊர் வேலைதான், நீங்களே பாத்துடுங்க என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

ஏழுமலை மாடிக்கு வந்து, கையளவு துணித்துண்டு ஒன்றை என் மேஜையில் சாம்பிளுக்கு வைத்தார். காபி வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார்.

"இது ஒண்ணு நின்னுட்டா போதும்கா. கிரிவலம் வர்ற ஜனம் பூரா என் கூரைக்குக் கீழதான் நிக்கும். அப்புறம் நான் யார் கிட்டயும் போயி வேலை குடுங்கனு நிக்க வேணாம். வேலை என்னைத் தேடிகினு வரும்."

அவருக்கு அந்தக் கூரை அவ்வளவு முக்கியம். பட்டறையில் டிரெய்லர் வேலையை முழுக்க நிறுத்திவிட்டுத்தான் இதில் இறங்கியிருந்தார். அவர் மனைவி சாந்திக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

கிளம்பும்போது வரைபடத்தில் மேற்குப் பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். வரிசை உள்ளே நுழைகிற பக்கம் அது. கம்பம் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று சமிதிக்காரர்கள் சொன்னதால், அந்தப் பக்கம் மட்டும் நடுவில் கம்பமே இல்லாமல் நீளமாக ஒரே ஓரமாக விட்டிருந்தார்கள்.

"இந்த ஓரம் ஆடுமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்கா. அங்க காத்து நேரா வராது. மலையில மோதித் திரும்பி, கீழேர்ந்து தூக்கும். நல்லாப் பாத்து சொல்லுங்க."

பார்க்கிறேன் என்று சொன்னேன். கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றும் சொன்னேன்.

3. முட்டு

இந்தக் கணக்கில் இரண்டு சால்வர் வேலை செய்யும். காற்றுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. காற்றுக்காரன் அழுத்தம் இவ்வளவு என்று சொல்வான். அதைக் கேட்டுத் துணிக்காரன், அப்படியானால் நான் இவ்வளவு நகர்ந்துவிட்டேன் என்பான். காற்றுக்காரன் மறுபடி கணக்குப் போடுவான். இருவரும் ஒத்துப்போகும் வரை இப்படி மாறி மாறிப் பேசிக்கொள்ள வேண்டும். கனமான இரும்புக் கதவு என்றால் சீக்கிரம் ஒத்துப்போய்விடும். விரித்துக் கட்டிய துணி அப்படி இல்லை. அது ஆடும்போது கூடவே ஆடும் காற்று துணியைவிடக் கனம். நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான். அதனால் ஒருவர் சொல்வதை மற்றவர் மிகைப்படுத்தி, நான்கு சுற்றில் சண்டை முற்றி, மெஷ் புரண்டுவிடும். இது வெறும் கணக்கின் கோளாறு. நிஜத்தில் அங்கே ஒன்றும் நடந்திருக்காது. எங்களுக்கு வரும் எரர்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

ஆகவே ஏழுமலையின் கூரை மேற்கு ஓரத்தில் புரண்டு நின்றபோது, எனக்கு ஒன்றும் பதற்றமில்லை. வழக்கமான சடங்குகளைச் செய்தேன். யூனிட் சரிபார்த்தேன். ஒருமுறை துணியின் தடிமனை மில்லிமீட்டருக்குப் பதில் மீட்டரில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டவள் நான், அதனால் யூனிட்டைத்தான் முதலில் பார்ப்பேன். சரியாக இருந்தது. மெஷ்ஷை இன்னும் பொடியாக்கினேன். மறுபடி நின்றது. டைம் ஸ்டெப்பை, அதாவது கணக்கு ஒரு தடவையில் தாண்டும் நேர அளவை, பாதியாக்கினேன். நின்றது. கால் பங்காக்கினேன். அதே ஓரம், காற்று அதே வேகத்துக்கு ஏறியதும், அதே நொடியில் நின்றது.

இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு, அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். கணக்கின் கோளாறு என்றால், டைம் ஸ்டெப்பை மாற்றும்போது சால்வர் சாகும் நேரமும் மாறும். எவ்வளவு மாற்றினாலும் ஒரே நொடியில் செத்தால், அங்கே நிஜமாகவே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். போர்டில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கே அது தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

முட்டுக் கொடுத்தேன்.

முட்டு என்பது எங்கள் ஆபீஸில் நான் வைத்த பெயர். சாய்கிற பந்தலுக்கு ஒரு கழியைக் கொடுத்து நிறுத்துவோம் இல்லையா, அது. சால்வர் அடம்பிடித்தால், தற்காலிகமாக ஏதாவது ஒன்றைச் சேர்த்துத் தாண்ட வைப்போம். நான் சேர்த்தது டாம்பிங். ஊஞ்சலைக் காலால் தேய்த்து வேகத்தைக் குறைப்பது போல, துணி படபடப்பதை அது அமுக்கிவிடும். காற்று ஏறுகிற ஆரம்ப நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு பிறகு எடுத்துவிட்டால் தவறில்லை. எடுக்காமல் விட்டால் வருகிற பதில் பொய்.

எடுக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே நான் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தேன். முட்டு நோட்டு. எந்த முட்டுக் கொடுத்தாலும் அந்த நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். எடுத்ததும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும். எல்லா வரியும் அடிபட்ட பிறகுதான் ரிப்போர்ட் எழுதலாம். சென்னையில் இருக்கும் பிள்ளைகளும் ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். அந்த வழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாம்பிங்கோடு கணக்கு அந்த நொடியைத் தாண்டிப் போனது. கொஞ்ச தூரம் ஓடவிட்டு நிறுத்தினேன். இன்புட் ஃபைலைத் திறந்து டாம்பிங் வரியை அழித்தேன். நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். முதலிலிருந்து ஓட்டினால் மூன்று நாள் ஆகும் என்பதால், நிறுத்திய இடத்திலிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் கணக்கு நல்லபடியாக முடிந்திருந்தது. மேற்கு ஓரம் லேசாக மேலே எழும்பி, அப்படியே அமைதியாக நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். கீழே போய் ஒரு வடை கூடச் சாப்பிட்டேன்.

4. ஒரு கம்பம்

ரிப்போர்ட்டைச் சமிதிக்காரர்களிடம் நேரில் விளக்க அடி அண்ணாமலைக்குப் போனேன். குழி வெட்டியிருந்தார்கள். அடுப்படியில் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். செயலாளர், ஏழுமலை, நான், மூவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பில் வீடியோ பார்த்தோம். நீலத்திலிருந்து சிவப்பு வரை வண்ணங்கள் துணிமேல் ஓடும். பார்க்கிறவர்களை அந்த வண்ணம் மடக்கிவிடும். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஏழுமலை வீடியோவை இரண்டு தரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கும் மேற்கால நடுவுல ஒரே ஒரு கம்பம் ஜாஸ்தி போட்டுடவாக்கா? என் செலவுலயே போடறேன்."

செயலாளருக்கு முகம் மாறியது. கூட்டம் நுழையும் வழியில் கம்பம் இருந்தால் நெரிசலாகும், யாராவது இடித்துக்கொள்வார்கள் என்றார். அதிலும் நியாயம் இருந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, இந்த வேகம் வரை மேற்கு ஓரத்தில் அசைவு ரொம்பக் கம்மி, கம்பம் வேண்டாம் என்றேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். பெங்களூரில் பார்த்ததையெல்லாம் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள், இது கணக்கு என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன்.

அக்கா சொன்னால் சரிதான் என்று ஏழுமலை எழுந்துவிட்டார்.

5. மே மாதம்

கூரை ஏறியது. பார்க்க அழகாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. வெள்ளைத் துணி, பின்னால் மலை. அடுத்த பௌர்ணமிக்கு நானும் கிரிவலம் போனபோது அந்த வரிசையில் நின்று பொங்கல் வாங்கினேன். ஏழுமலை ஒரு கம்பத்தின் பக்கத்தில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் இரண்டு பள்ளிக்கூடத்திலிருந்து விசாரித்திருக்கிறார்கள் என்றார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிவாக்கில், மழைக்கு முன்னால் வருமே, மண்ணை வாரி இறைக்கும் காற்று, அது வந்தது. எங்கள் காபிக் கடையின் பெயர்ப் பலகை கூடச் சாய்ந்தது. அன்றைக்கு அன்னதானம் இல்லாததால் அடி அண்ணாமலையில் கூட்டம் இல்லை. கூட்டம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதில்லை. யோசித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

சமையல்காரர் ஏழுமலைக்குப் போன் செய்து, மேற்குப் பக்கம் துணி படபடவென்று அடிக்கிறது, சத்தம் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஏழுமலை அப்போது பக்கத்திலேயே, கிரிவலப் பாதையில் ஒரு கடைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். ஓடிப் போய் ஏணி போட்டு, ஓரக் கேபிளை இறுக்குகிற டர்ன்பக்கிளைத் திருகப் பார்த்திருக்கிறார். இறுக்கினால் ஆட்டம் அடங்கும் என்று நினைத்திருக்கிறார். அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் கை அதன்மேல் இருக்கும்போது கேபிள் அறுந்தது.

வலது கையில் மூன்று விரல் போயிற்று. முழங்கை மடங்காமல் நின்றுவிட்டது. வேலூருக்குக் கொண்டுபோய் இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்று சந்தானம் சார்தான் எனக்குப் போனில் சொன்னார். பாவம் என்றார். நானும் பாவம் என்றேன்.

6. லாக் ஃபைல்

சமிதிக்காரர்கள் ஒரு இன்ஜினியரை வைத்து விசாரித்தார்கள். அவர் அறுந்த கேபிளைப் பார்த்தார், என் ரிப்போர்ட்டைப் பார்த்தார். இந்தக் காற்றுக்கு இந்த டிசைன் தாங்கும் என்று ரிப்போர்ட் தெளிவாகச் சொல்கிறது, ஆகவே துணியைச் சரியான இழுவையில் கட்டாததுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதாவது ஏழுமலையின் வேலை மோசம். ஊர் முழுக்க அது பரவிவிட்டது. விசாரித்த இரண்டு பள்ளிக்கூடமும் பிறகு போன் செய்யவில்லை. அடி அண்ணாமலையில் துணியை எடுத்துவிட்டு வேறு ஒருவரை வைத்து ஷீட் போட்டார்கள். மேற்குப் பக்கம் நடுவில் ஒரு கம்பமும் நட்டார்கள். அதை யாரும் யாரையும் கேட்டுச் செய்யவில்லை.

அந்த விசாரணை முடிவைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனால் நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை இன்னும் கெட்டியாக்கிக்கொள்ளத்தான் பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தேன். நோட்டில் வரி அடிபட்டிருந்தது. இன்புட் ஃபைலில் டாம்பிங் இல்லை. எல்லாம் ஒழுங்கு. மூடி வைக்கப் போனவள், ஓடும்போது சால்வர் எழுதிக்கொண்டே போகும் லாக் ஃபைலையும் சும்மா திறந்தேன். ஆயிரக்கணக்கான வரி ஓடும், யாரும் படிக்க மாட்டோம். ரீஸ்டார்ட் ஆரம்பித்த இடத்தில், எச்சரிக்கை கூட இல்லை, வெறும் தகவலாக ஒரு வரி இருந்தது. மெட்டீரியல் விவரமும் டாம்பிங்கும் ரீஸ்டார்ட் ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டன.

இன்புட் ஃபைலில் நான் அழித்ததை அந்த சால்வர் கண்டுகொள்ளவே இல்லை. ரீஸ்டார்ட் என்றால் பழைய ஃபைலில் இருப்பதைத்தான் அது எடுத்துக்கொள்ளும். புதிதாக மாற்று என்று தனியாகச் சொன்னால்தான் மாற்றும். கையேட்டில் இருக்கிறது. எனக்குத் தெரியும். தெரிந்தும் மறந்தேன். நோட்டில் முட்டு அடிபட்டுவிட்டது, கணக்கில் முட்டு கடைசிவரை நின்றுகொண்டே இருந்தது. துணியைக் காலால் தேய்த்து நிறுத்திக்கொண்டிருந்தது நான்தான்.

டாம்பிங் இல்லாமல் முதலிலிருந்து ஓட்டினேன். அந்த மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. இந்தத் தடவை இரு சால்வரும் நிதானமாக ஒத்துப்போகும்படி சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டி, மெஷ் எவ்வளவு அசைந்தாலும் புரளாதபடி அமைத்து ஓட்டினேன். எரர் வரவில்லை. ஆனால் அதே நொடியில் மேற்கு ஓரம் ஆட ஆரம்பித்தது. அடங்கவில்லை. ஆட்டம் கூடிக்கொண்டே போய், கேபிளின் இழுவை அதன் தாங்கும் அளவைத் தாண்டியது. ஏழுமலை முதல் நாள் விரல் வைத்துக் காட்டினாரே, அந்த இடம். அந்த விரல் இப்போது அவரிடம் இல்லை.

சந்தானம் சாருக்குச் சொன்னேன். கெட்டவர் இல்லை அவர்.  எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"மல்லிகா, இது நமக்குள்ளயே இருக்கட்டும். அவர் இழுத்துக் கட்டினதும் கம்மியா இருந்திருக்கலாம் இல்லையா? இனிமே யாரால நிரூபிக்க முடியும்?"

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். அப்படியே ஆறு மாதம் ஓட்டினேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இருபத்தாறு வருடப் பெயர் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. ஏழுமலைக்குப் போன பெயரைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மனிதருக்கு எல்லாம் பழகும்.

7. கீழ்பென்னாத்தூர்

அந்த டிசம்பரில் அப்பா வீட்டு வரி விஷயமாகக் கீழ்பென்னாத்தூர் போனேன். பஸ்ஸைவிட்டு இறங்கி நடக்கும்போது, அவர் பட்டறை இருந்த இடத்தில் மோட்டார் ரீவைண்டிங் என்று வேறு பெயர்ப் பலகை இருந்தது. நான்கு கடை தள்ளி சாந்தி ஒரு டிபன் கடை போட்டிருந்தார். வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடங்காத வலது கையால் முறத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் ஏழுமலை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

எழுந்து நின்றார். வாங்கக்கா என்றார். சாந்தியிடம் டீ போடச் சொன்னார். நான் உட்கார்ந்ததும், முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"உங்க கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேன்கா. நீங்க அவ்ளோ கணக்குப் போட்டு எழுதிக் குடுத்தீங்க. நான் ஒழுங்கா இழுத்துக் கட்டல. உங்க ரிப்போர்ட்டுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிக்கோங்க."

அவர் நிஜமாகவே அப்படி நம்பிக்கொண்டிருந்தார். ஒரு இன்ஜினியர் எழுதிக் கொடுத்துவிட்டார், ஒரு கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது, ஆகவே தன் கைதான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறார்.  டீ வந்தது. குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். எரர் வந்தது, முட்டுக் கொடுத்தது, எடுத்துவிட்டதாக நினைத்தது, அது எடுபடாமல் இருந்தது, மறுபடி ஓட்டிப் பார்த்தது, ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது, ஒன்று விடாமல். அழுதேனா என்று கேட்டால், ஆமாம், அழுதேன். சாந்தி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

 நான் முடித்த பிறகு ஏழுமலை ஒன்றே ஒன்று கேட்டார். அந்த எரரை நான் அமுக்காமல் விட்டிருந்தால், மேற்குப் பக்கம் கம்பம் போட்டிருப்போமா? போட்டிருப்போம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெல் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று போயிற்று.

"அப்ப மிஷினும் சொல்லிச்சு. நானும் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. முறத்தை இழுத்துக்கொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். சாந்திதான் என்னைப் பார்த்து, போய்ட்டு வாங்க என்றார். வாங்க என்ற வார்த்தை அதில் இருந்ததே தவிர, வரச் சொல்லவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

8. இப்போது

மறுநாளே திருத்திய ரிப்போர்ட்டை என் கையெழுத்தோடு சமிதிக்கும், அந்த இன்ஜினியருக்கும், சந்தானம் சாருக்கும் அனுப்பினேன். கட்டிய வேலையில் பிழை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை, பிழை என் கணக்கில், என்று தமிழிலும் ஒரு பக்கம் எழுதி ஏழுமலைக்குத் தபாலில் போட்டேன். சமிதியிலிருந்து பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. சந்தானம் சார் சத்தம் போடவில்லை. அனுப்பிட்டீங்களா, சரி என்றார். அதன் பிறகு கூரை வேலை எதுவும் எனக்கு வரவில்லை. பம்ப் வால்வும் குழாயும் வருகிறது. எனக்கு வேலை போகவில்லை. இதில் வேலை போனது அவருக்கு மட்டும்தான்.

அந்தக் கடிதம் யாருக்கு என்ன பயன் என்று தெரியவில்லை. துணிக் கூரை என்றால் அவரைக் கூப்பிட வேண்டாம் என்று ஊர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. ஊரின் முடிவுக்கு யாரும் திருத்திய ரிப்போர்ட் வாங்கிக்கொள்வதில்லை. கூப்பிட்டாலும் அந்தக் கையால் ஏணி ஏற முடியாது. இரண்டு தரம் அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரம் செய்யவில்லை.

இப்போது என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குச் சில விதிகள் வைத்திருக்கிறேன். முட்டுக் கொடுத்தவர் அந்த வரியை அடிக்கக் கூடாது, வேறொருவர் லாக் ஃபைலைப் படித்துவிட்டு அடிக்க வேண்டும். கடைசி ஓட்டம் எத்தனை நாள் ஆனாலும் முதலிலிருந்துதான், ரீஸ்டார்ட் கிடையாது. டைம் ஸ்டெப்பை மாற்றியும் அதே நொடியில் செத்தால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து யோசிக்க வேண்டும். முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

பழைய நோட்டு அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மை அப்படியேதான் இருக்கிறது. ஏழுமலை கொண்டுவந்த துணித்துண்டை அதற்குள் வைத்திருக்கிறேன்.

போன வாரம் கூடச் சென்னையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நெகடிவ் வால்யூம் வருது மேடம், டாம்பிங் போடட்டுமா என்றாள். எங்கே வருகிறது என்று கேட்டேன். வால்வின் உதடு மூடுகிற இடத்தில் என்றாள். அந்த வால்வைச் செய்கிறவர்களிடம் பேசினாயா என்றேன். எதற்கு மேடம் என்றாள். அந்த இடத்தைப் பற்றி அவர்களில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று முதலில் கேட்டுவிட்டு வா என்றேன்.

யாராவது ஒருவர் சொல்லியிருப்பார்.